குஷனுக்கு நாமே பைப்பிங் தைப்போம்

உங்கள் வீட்டு சோபா மெத்தையின் விளிம்பை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். மேல்துணியும் பக்கத்துணியும் சேருகிற இடத்தில், உள்ளே கயிறு ஓடுவது போல உருண்டையாக ஒரு வரம்பு இருக்கும். அதுதான் பைப்பிங். ரவிக்கையின் கழுத்திலும் கை ஓரத்திலும் மெலிசாக வைத்துத் தைக்கிறோமே, அதே வேலைதான். குஷனுக்கும் மெத்தைக்கும் வரும்போது உள்ளே போகும் கயிறு கொஞ்சம் தடிக்கிறது.

அழகுக்காக மட்டும் வைப்பதில்லை. இரண்டு துணியைச் சேர்த்துத் தைத்துத் திருப்பினால் ஓரம் தொளதொளவென்று விழும். தையல் எங்கே கொஞ்சம் கோணியதோ அந்த இடம் உடனே கண்ணில் படும். நடுவில் கயிறு ஓடினால் ஓரம் நிமிர்ந்து நிற்கும், குஷனின் வடிவமும் கலையாது. தேய்மானமும் முதலில் ஓரத்துக்குத்தான் வரும். உட்கார்ந்து எழுவது, தலை சாய்ப்பது, பிள்ளைகள் இழுப்பது என்று எல்லா உரசலையும் அந்த உருண்டை வாங்கிக்கொள்கிறது. பழைய சோபாக்களில் மெத்தைத் துணி நன்றாக இருக்கும்போதே பைப்பிங் மட்டும் நைந்து, உள்ளே இருக்கும் வெள்ளைக் கயிறு எட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

நான் பினாங்கில், ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தபடி தைக்கிறேன். தீபாவளிக்கு ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போதே திரைச்சீலை, குஷன் உறை என்று கேட்டு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். லிட்டில் இந்தியாவில் லெபு பாசார், லெபு பினாங் பக்கத்துக் கடைகளில் ஆயத்தப் பைப்பிங் வாங்கலாம். ஆனால் நான் பார்த்தவரை கறுப்பு, வெள்ளை, சந்தன நிறம், தங்க நிறம், இவைதான் திரும்பத் திரும்ப வரும். துணியும் பெரும்பாலும் பளபளக்கிற சாட்டின். வீட்டில் திரைச்சீலை மயில்கழுத்து நிறமாக இருந்தால் அதற்கு ஒத்த பைப்பிங்கை எங்கே போய்த் தேடுவது? திரைச்சீலை தைத்த துணியிலேயே அரை மீட்டர் மிச்சமிருந்தால் போதும். வீட்டிலிருக்கும் சாதாரணத் தையல் மெஷினே இதற்குத் தாராளம்.

கிராஸ் துணி

பைப்பிங்கில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான்: துணியை எந்தத் திசையில் வெட்டுகிறோம் என்பது. மற்றதெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

வீட்டில் கட்டம் போட்ட கைலி இருந்தால் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மலாய்க்காரர்கள் காயின் பெலிகாட் என்று சொல்வது இதைத்தான். சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காட்டுத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய துணி இது. பழவேற்காட்டை ஐரோப்பியர்கள் புலிகாட் என்றார்கள், அந்தப் பெயர்தான் மலாயில் பெலிகாட் என்று நிலைத்துவிட்டது. என் அப்பா கட்டிய பழைய கைலி ஒன்று என்னிடம் இருக்கிறது. தையல் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு அதை மடியில் விரித்துத்தான் இந்தப் பாடத்தைச் சொல்வேன்.

கைலியின் ஒரு கட்டத்தைப் பாருங்கள். ஒரு திசையில் ஓடுவது பாவு நூல், அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவது ஊடை நூல். பாவு ஓடும் திசையில் துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுங்கள். அசைந்து கொடுக்காது. ஊடையின் திசையில் இழுத்தால் மிகக் கொஞ்சம் கொடுக்கும். இப்போது அதே கட்டத்தின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்துக் கோணலாக இழுங்கள். சதுரமாக இருந்த கட்டம் நீண்டு, சீட்டுக்கட்டில் வருகிற டைமண்டு மாதிரி ஆகிவிடும். கையை விட்டால் ஏறக்குறைய பழைய சதுரத்துக்கே திரும்பும்.

நூல் எதுவும் நீளவில்லை. பாவும் ஊடையும் ஒன்றின்மேல் ஒன்று சற்றே திரும்பி இடம் விட்டிருக்கின்றன. ரப்பர் ஒரு துளி இல்லாத பருத்தித் துணி, கோணல் திசையில் மட்டும் ரப்பர் போல் நடந்துகொள்வது இதனால்தான். இந்தத் திசையைத்தான் தையல்காரர்கள் கிராஸ் என்கிறார்கள். துணியின் கரைக்குச் சரியாக 45 டிகிரி சாய்வில் வெட்டும்போது இந்த இளக்கம் முழுதாகக் கிடைக்கும்.

குஷனின் மூலையில் பைப்பிங் வளைகிறது. வளைவில் கயிற்றின் வெளிப்பக்கத்துக்கு நீளம் அதிகம் வேண்டும், உள்பக்கத்துக்குக் குறைவாக வேண்டும். கிராஸ் துணி வெளியே நீண்டு, உள்ளே சுருங்கி, கயிற்றோடு ஒட்டிக்கொண்டு திரும்பும். நேராக வெட்டிய துணிக்கு அது முடியாது. மூலையில் மடிப்பு மடிப்பாகக் கசங்கி நிற்கும். என் முதல் குஷனில் நான் நேர்த்துணிதான் வைத்தேன். நான்கு மூலையையும் மூன்று முறை பிரித்துத் தைத்தேன், தையலில்தான் குறை என்று நினைத்துக்கொண்டு. எத்தனை முறை தைத்திருந்தாலும் அது படிந்திருக்காது, ஏனென்றால் பிழை கத்தரிக்கோலில் நடந்துவிட்டது.

வளைவே இல்லாத ஓரம் என்றால் நேர்த்துணி போதும். திரைச்சீலையின் அடி, மேசை விரிப்பின் நீளப்பக்கம், இங்கெல்லாம் துணியை மிச்சம் பிடிக்க நானும் நேராகத்தான் வெட்டுகிறேன்.

கயிறும் துணியின் அகலமும்

உள்ளே வைக்கிற கயிறு பருத்தியிலும் கிடைக்கும், பாலியஸ்டரிலும் கிடைக்கும். சின்ன அலங்காரத்துக்கு 3 மி.மீ., வழக்கமான குஷனுக்கு 4 முதல் 6 மி.மீ., சோபா மெத்தைக்கு அதைவிடத் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவைக்கு 5 மி.மீ. கயிறு நல்லது. அதைவிட மெலிதானால் விரலுக்குப் பிடி கிடைக்காது, தடித்தால் மெஷினில் முரண்டு பிடிக்கும்.

பருத்திக் கயிறு வாங்கினால் கட்டாயம் நனைத்துக் காயவைத்த பிறகே வையுங்கள். ஒருமுறை அவசரத்தில் அப்படியே வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். குஷன் உறை முதல் துவையலுக்குப் போய் வந்ததும் உள்ளே கயிறு சுருங்கி, வெளியே துணி கொசுவம் மடித்தது போல் ஓரம் முழுக்க நெளிந்துவிட்டது. நான்கு உறையையும் பிரித்துத் திரும்பத் தைத்துக் கொடுத்தேன். கொதிக்கக் காய்ச்சிய வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, வளையமாகத் தொங்கவிட்டுக் காயவைத்தால் போதும். பைப்பிங் துணியையும் அதேபோல் நனைத்துவிடுங்கள்.

பால்கனியில் கிடக்கிற குஷனுக்கு நான் பாலியஸ்டர் கயிறுதான் வைக்கிறேன். நம் ஊர் ஈரத்தில் பருத்திக் கயிறு உள்ளுக்குள் காய்வதற்கே நாளாகும். மழை மாதத்தில் பூசண வாடை வந்துவிடும்.

துணிக் கீற்றை எவ்வளவு அகலமாக வெட்டுவது? கயிற்றைச் சுற்றிவர எவ்வளவு துணி வேண்டுமோ அதோடு, தையலுக்கு இரண்டு பக்கமும் அரை அங்குலம் சேர்க்க வேண்டும். 5 மி.மீ. கயிற்றின் சுற்றளவு ஏறக்குறைய 1.6 செ.மீ. இரண்டு அரை அங்குலம் என்பது 2.5 செ.மீ. மொத்தம் 4.1. துணியின் தடிமனுக்கும் கைப்பிசகுக்கும் இடம் விட்டு 4.5 செ.மீ. என்று வெட்டுங்கள். கணக்கு பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: ஒரு துண்டுத் துணியைக் கயிற்றின்மேல் மடித்து, கயிற்றை ஒட்டிக் குண்டூசி குத்தி, ஊசியிலிருந்து அரை அங்குலம் தள்ளி வெட்டிவிட்டு, விரித்து அளந்து பாருங்கள். எந்தத் தடிமன் கயிற்றுக்கும் இது பொய் சொல்லாது.

நீளம்? 40 செ.மீ. சதுரக் குஷனுக்குச் சுற்றளவு 160. முனைகளைச் சேர்க்க 10 கூட்டினால் 170 செ.மீ. இரண்டு குஷனுக்கு 340. இவ்வளவு கீற்றுக்கு எத்தனை துணி எடுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், ஒரு மீட்டர் வாங்கி முக்கால்வாசியை மிச்சம் வைக்கிறார்கள். எளிய கணக்கு இது. துணியின் பரப்பைக் கீற்றின் அகலத்தால் வகுத்தால் கிடைக்கிற நீளம் தெரிந்துவிடும். 45க்கு 45 செ.மீ. சதுரத்தின் பரப்பு 2025. அதை 4.5ஆல் வகுத்தால் 450 செ.மீ. இணைப்புகளில் கொஞ்சம் போனாலும் இரண்டு குஷனுக்குப் போக மிச்சம் இருக்கும். மூன்றாவதற்குப் போதாது.

என்ன துணி என்று கேட்டால், நடுத்தரக் கனமுள்ள பருத்திதான் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது. பழைய பருத்திச் சேலை, பாத்திக் துணியின் மிச்சம், கைலி எல்லாமே அருமையாக வரும். பலமுறை துவைத்த துணி இனிச் சுருங்காது என்பது கூடுதல் லாபம். கட்டம் போட்ட துணியைக் கிராஸில் வெட்டினால் பைப்பிங்கில் கட்டங்கள் சாய்ந்து டைமண்டாக ஓடும். ஒரே நிறக் குஷனுக்கு அது எடுப்பாக இருக்கும். வெல்வெட்டும் சாட்டினும் வழுக்கும், அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெட்டுவதும் இணைப்பதும்

துணியை இஸ்திரி போட்டுச் சுருக்கம் எடுத்துவிட்டு, ஒரு மூலையை மடியுங்கள். அகலப்பக்கத்து ஓரம் நீளப்பக்கத்து ஓரத்தின்மேல் சரியாகப் படிய வேண்டும், முக்கோணம் கிடைக்கும். அந்த மடிப்புக் கோடுதான் 45 டிகிரி. மடிப்பை விரலால் அழுத்தி, விரித்து, அதன்மேல் சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து 4.5 செ.மீ. தள்ளித் தள்ளி இணைகோடுகள் போட்டு வெட்டிக்கொண்டே போகலாம். மடிப்பின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்க்காதீர்கள், கிராஸ் துணி அங்கேயே இழுபட்டு நீண்டுவிடும். வெட்டிய கீற்றுகளைத் தொங்கவும் விடாதீர்கள்.

கீற்றுகளின் முனை சாய்வாக இருக்கும். இரண்டு கீற்றை இணைக்கும்போது நல்லபக்கம் நல்லபக்கத்தைப் பார்க்க, ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்து, சாய்ந்த முனைகளைச் சேர்த்துத் தையுங்கள். கூர்முனைகள் இரண்டு பக்கமும் முயல் காது போலக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். காதும் துணியும் பிரிகிற பள்ளத்தில் தையல் தொடங்கி, எதிர்ப்பக்கப் பள்ளத்தில் முடிந்தால், விரித்ததும் ஓரங்கள் ஒரே கோட்டில் வரும். காதுகளை நறுக்கிவிட்டு, தையலை இரண்டாகப் பிரித்துப் படிய வைத்து அமுக்குங்கள். இணைப்பு ஏன் சாய்வாக இருக்க வேண்டும்? நேராகச் சேர்த்தால் மடிப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து, பைப்பிங் நடுவே முடிச்சு மாதிரி துருத்தும். சாய்வாக இருந்தால் அந்தத் தடிமன் பரவிவிடுகிறது.

ஒரே சதுரத் துணியைக் குழாயாகத் தைத்து, சுற்றிச் சுற்றி வெட்டி ஒரே நீளக் கீற்றாக எடுக்கிற முறையும் உண்டு. பத்துப் பன்னிரண்டு மீட்டர் வேண்டும்போது அது வசதி. இரண்டு குஷனுக்கு அவசியமில்லை.

மூன்று தையல்

மெஷினில் ஊசிக்குக் கீழே துணியை அமுக்கிப் பிடிக்கிற வழக்கமான காலைக் கழற்றிவிட்டு, ஜிப் தைக்கிற ஒற்றைக் காலைப் பூட்டுங்கள். வழக்கமான கால் அகலமாக இருப்பதால் கயிற்றின்மேல் ஏறி நிற்கும், ஊசியைக் கயிற்றுக்குப் பக்கத்தில் வரவிடாது. அடியில் குழிவு வெட்டிய பைப்பிங் கால் தனியாகவும் விற்கிறார்கள். நிறையத் தைக்கிறவர்களுக்கு அது நல்ல முதலீடு, ஒன்றிரண்டு குஷனுக்கு ஜிப் காலே போதும். பருத்திக்கு 14ஆம் நம்பர் ஊசி சரியாக வரும்.

இனி வரும் மூன்று தையலில் ஒரே விதியை மட்டும் மறக்காதீர்கள். ஒவ்வொரு தையலும் முந்தையதைவிட ஒரு நூல் அளவு கயிற்றுக்கு நெருங்க வேண்டும்.

முதல் தையல், கயிற்றைத் துணிக்குள் அடைப்பது. கீற்றின் உள்பக்கம் மேலே பார்க்க வைத்து, நடுவில் கயிறு வைத்து, இரண்டு ஓரமும் சமமாகச் சேரும்படி மடித்துக்கொண்டே போங்கள். தையல் பெரிதாக, 4 மி.மீ. அளவில் இருக்கட்டும். கயிற்றை ஒட்டித் தைக்க வேண்டாம், ஒன்றிரண்டு மி.மீ. தள்ளியே தையுங்கள். இந்தத் தையல் கயிற்றைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்க மட்டுமே. துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள், மெஷின் தானாக எடுத்துக்கொண்டு போகட்டும். மேல் மடிப்பு முன்னேறி, கீழ் மடிப்பு பின்தங்கினால் பைப்பிங் முழுக்க சாய்ந்த சுருக்கங்கள் விழும், கயிறு முறுக்கிக்கொண்டது போல் தெரியும். நான்கு விரல் நீளத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஓரம் சமமாக இருக்கிறதா என்று பார்த்தால் இது வராது. முடிந்ததும், தையலிலிருந்து அரை அங்குலம் விட்டு மீதி ஓரத்தை வெட்டிச் சமப்படுத்துங்கள்.

இரண்டாவது தையல், பைப்பிங்கைக் குஷனின் முன்துணியில் பொருத்துவது. 40 செ.மீ. குஷனுக்கு முன்துணி 42.5 செ.மீ. சதுரம். நல்லபக்கம் மேலே இருக்க, பைப்பிங்கின் கயிறு உள்நோக்கியும், வெட்டிய ஓரம் துணியின் ஓரத்தோடு சேர்ந்தும் இருக்கட்டும். பார்க்கிறபோது தலைகீழாக வைத்ததாகத் தோன்றும். திருப்பினால் சரியாகிவிடும். அடிப்பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள், முதல் 5 செ.மீ. தைக்காமல் விடுங்கள். தொடங்கும் முன்பே பைப்பிங்கைச் சுற்றிலும் வைத்துப் பார்த்து, துணி இணைப்பு எதுவும் மூலையில் வராமல் தள்ளிக்கொள்ளுங்கள். இந்த முறை கயிற்றுக்குச் சற்று நெருக்கமாகத் தையுங்கள்.

மூலை

இங்கேதான் எல்லோரும் கை நடுங்கி நிற்பது. எங்கள் கட்டடத்தில் கீழ் மாடியில் இருக்கும் அக்கா ஒருவர் ஒரு நாள் பாதி தைத்த குஷனைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். "ஏம்மா, நேராப் போற இடமெல்லாம் நல்லாத்தான் வருது. மூலைக்கு வந்தா மட்டும் ஏன் இப்படி முட்டிக்கிட்டு நிக்குது?"

வாங்கிப் பார்த்தேன். கிராஸில்தான் வெட்டியிருந்தார், தையலும் சுத்தம். ஆனால் கயிற்றைக் கத்தி முனை போல ஒரே புள்ளியில் மடக்கித் திருப்பியிருந்தார். "அக்கா, இந்தக் கயிறு வளையும், மடங்காது. நாமதான் அதுக்கு வளைவு போட்டுக் கொடுக்கணும்" என்று சொல்லி, பர்ஸிலிருந்து 50 சென் காசு ஒன்றை எடுத்தேன்.

செய்வது இதுதான். முன்துணியின் நல்லபக்கத்தில் ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே சாக்பீஸால் தையல் கோடு போடுங்கள். நான்கு மூலையிலும் அந்தக் கோடுகள் சேரும் இடத்தில், காசின் விளிம்பு இரண்டு கோட்டையும் தொடும்படி உள்ளே வைத்து, காசைச் சுற்றி வரையுங்கள். கூர்மூலை போய்ச் சின்ன வளைவு வந்துவிடும். வளைவு தையல் கோட்டில் வர வேண்டும், இது முக்கியம். துணியின் வெளி ஓரத்தை மட்டும் காசு வைத்து வளைத்து வெட்டினால் உள்ளே தையல் கோடு பழையபடி கூராகவே இருக்கும், பிரச்சினையும் அப்படியே இருக்கும். அக்கா அதற்கு முன் அப்படித்தான் செய்து பார்த்திருந்தார்.

வளைவு தொடங்குவதற்கு ஒரு விரற்கடை முன்பே மெஷினை நிறுத்துங்கள். பைப்பிங்கின் தையல் ஓரத்தில் மட்டும், வெட்டிய விளிம்பிலிருந்து முதல் தையலை நோக்கி மூன்று நான்கு வெட்டுப் போடுங்கள். தையலுக்கு இரண்டு மி.மீ. முன்னால் கத்தரி நிற்க வேண்டும், தையல் நூல் வெட்டுப்பட்டால் கயிறு வெளியே வந்துவிடும். வெட்டியதும் அந்த ஓரம் விசிறி போல விரிந்து வளைவுக்கு இடம் கொடுக்கும். இனி ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துக்கொண்டு, காலைத் தூக்கி, துணியைக் கொஞ்சம் திருப்பி, காலை இறக்கி இரண்டு தையல். மறுபடியும் தூக்கி, திருப்பி, இரண்டு தையல். மின்சார மெஷினில் மிதிக்க பயமாக இருந்தால் பக்கத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றித் தையுங்கள். இருபது தையல்தான், நேரமாகாது. மூலையில் பைப்பிங்கை இழுத்துப் பிடிக்க வேண்டாம், கொஞ்சம் தாராளமாகவே விடுங்கள். இழுத்துத் தைத்தால் திருப்பியதும் மூலை குழிந்து உள்ளே போகும்.

அக்கா என் மெஷினிலேயே உட்கார்ந்து மீதி மூன்று மூலையையும் முடித்தார். மூன்றாவது மூலைக்கு நான் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கவில்லை, தேநீர் போடப் போய்விட்டேன்.

முனைகளைச் சேர்ப்பது

சுற்றி வந்து தொடங்கிய இடத்துக்கு 5 செ.மீ. இருக்கும்போது நிறுத்துங்கள். வந்து சேர்கிற முனையை, தொடக்க முனையின்மேல் 3 செ.மீ. ஏறும்படி விட்டு மீதியை வெட்டுங்கள். அந்த முனையில் மட்டும் முதல் தையலைப் பிரித்துத் துணியைத் திறந்தால் உள்ளே கயிறு தெரியும். தொடக்க முனையின் கயிற்றோடு முட்டி நிற்கிற அளவுக்குக் கயிற்றை மட்டும் நறுக்குங்கள். இரண்டு கயிறும் ஏறிக்கொள்ளவும் கூடாது, நடுவில் இடைவெளியும் கூடாது. இடைவெளி விட்டால் அந்த இடம் பல் விழுந்தது போலத் தெரியும். இப்போது திறந்த துணியின் முனையை 1 செ.மீ. உள்ளே மடித்து, தொடக்க முனையை அதற்குள் வைத்து, மூடி, மேலே தைத்துவிடுங்கள்.

பின்துணிக்கு ஜிப் வைக்கலாம். முதல் முறை என்றால் ஜிப் இல்லாமல், தலையணை உறை போல ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற இரண்டு துண்டாக வையுங்கள். 42.5க்கு 30 செ.மீ. அளவில் இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நீளப்பக்கத்தை 1.5 செ.மீ. அளவில் இரண்டு மடிப்பு மடித்துத் தைத்தால், நடுவில் பத்துச் செ.மீ.க்கு மேல் ஏறிக்கொள்ளும். குஷன் வெளியே பிதுங்காது.

மூன்றாவது தையல் எல்லாவற்றையும் சேர்க்கிறது. முன்துணியும் பின்துணியும் நல்லபக்கம் உள்ளே பார்க்க, பைப்பிங் நடுவில் சாண்ட்விச் போல இருக்கும். முன்துணியின் உள்பக்கம் மேலே இருக்கும்படி மெஷினில் வையுங்கள், அப்போதுதான் இரண்டாவது தையலின் கோடு கண்ணுக்குத் தெரியும். அந்தக் கோட்டுக்கு ஒரு நூல் உள்ளே, கயிற்றை உரசிக்கொண்டு போகிறமாதிரி தையுங்கள். கால் கயிற்றோடு இடித்துக்கொண்டே போவது விரலுக்குத் தெரியும். திருப்பிப் பார்த்தால் முதல் இரண்டு தையலும் உள்ளே மறைந்துபோயிருக்கும். கடைகளில் விற்கிற குஷனில் சில சமயம் பைப்பிங்கின் அடியில் வேறு நிற நூல் பல்லிளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடைசித் தையல் முந்தையதற்கு வெளியே விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

திருப்புவதற்கு முன் மூலைகளில் அதிகத் துணியைக் குறைத்து, சுற்றிலும் ஓரத்தை ஓவர்லாக் அல்லது ஜிக்ஜாக் தையலால் அடைத்துவிடுங்கள், நேராக வெட்டிய முன்துணி, பின்துணி ஓரங்கள் பிரிபிரியாக வரும். திருப்பிய பிறகு மூலையைத் தள்ள ஊசியோ கத்தரியோ வேண்டாம், சாப்ஸ்டிக்கின் மழுங்கிய முனை நல்ல கருவி. பைப்பிங்கின் மேலேயே இஸ்திரி வைத்து அழுத்தினால் உருண்டை தட்டையாகிவிடும். அதற்குப் பக்கத்தில் துணியை மட்டும் தேய்த்தால் போதும்.

எங்காவது ஒரு சாண் நீளத்துக்குக் கயிறு தளர்வாக, துணிக்குள் ஆடுவது போல் இருக்கிறதா? உறையை மறுபடி உள்பக்கம் திருப்பி, அந்த இடத்தில் மட்டும் கயிற்றுக்கு இன்னும் நெருக்கமாக ஒரு தையல் போடுங்கள். பழைய தையலைப் பிரிக்க வேண்டியதில்லை. இது எனக்கும் இன்றுவரை நடக்கிறது.

குஷனில் கை பழகிய பிறகு இதே பைப்பிங்கைச் சாப்பாட்டு மேசை நாற்காலியின் வட்ட மெத்தைக்கும் ஊஞ்சல் மெத்தைக்கும் வைக்கலாம். வட்டத்தில் மூலை இல்லை என்பதால் சுலபம் என்று தோன்றும். ஆனால் அங்கே சுற்றிலும் இரண்டு செ.மீ.க்கு ஒரு வெட்டுப் போட்டுக்கொண்டே போக வேண்டும். சாமி மேடை விரிப்பின் முன்பக்க ஓரத்துக்குப் பட்டுச்சேலை மிச்சத்தில் 3 மி.மீ. பைப்பிங் வைத்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். சரிகை இல்லாத உடல் பகுதியிலிருந்து வெட்டுங்கள், சரிகை கிராஸில் வளைய மறுக்கும்.

அப்பாவின் கைலியில் நைந்த இடங்களைத் தவிர்த்து ஐந்து சதுரம் தேறியது. அதில் இரண்டை வெட்டிக் கூடத்து நான்கு குஷனுக்கும் பைப்பிங் வைத்துவிட்டேன், நீலமும் பச்சையுமாகக் கட்டங்கள் சாய்ந்து ஓடுகின்றன. மிஞ்சிய கீற்றை அட்டைக் குழாயில் தளர்வாகச் சுற்றி, கயிறு 5 மி.மீ., அகலம் 4.5 செ.மீ. என்று ஒரு தாளில் எழுதி அதோடு செருகி வைத்திருக்கிறேன். மீதி மூன்று சதுரத்தையும் இன்னும் வெட்டவில்லை.